ஒண்ணும் ஆகாது என்று சொல்லாத மனிதர்

என் கணவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்த அன்று, காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் "ஒண்ணும் ஆகாது" என்றார்கள். மாமியார் சொன்னார். நாத்தனார் சொன்னாள். அவருடைய ஆபீஸிலிருந்து வந்தவர்கள் வரிசையாக நின்று சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போன ஊழியர்கூட லிஃப்ட் கதவு மூடுவதற்குள் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் எதிர்வீட்டு ஹவில்தார் சார் மட்டும் சொல்லவில்லை. அவரும் வந்திருந்தார். ஓரமாக, சுவரில் சாயாமல் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்கு எத்தனை பேர் சொன்னாலும் போதவில்லை. நானே போய்க் கேட்டேன்.

"சார், ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியலம்மா. பெரிய ஆபரேஷன். டாக்டரைப் பாத்தா பொறுப்பானவராத்தான் தெரியறார். நான் கீழ கேன்டீன்ல இருக்கேன். கூப்பிட்டா வரேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "வந்த இடத்துல ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதா அந்த மனுஷனுக்கு?" என்றார். எனக்கும் அதே கோபம்தான். அழுகை வேறு வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் ஆபீஸ்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். நாத்தனாருக்குப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரம். ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போனது. ரத்தம் இன்னும் வேண்டும் என்று நர்ஸ் வந்து சொன்னபோது என் பக்கத்தில் மாமியார் மட்டும்தான் இருந்தார். ஹவில்தார் சாருக்கு போன் செய்தேன். உடனே மேலே வந்தார். தான் வேலை பார்த்த காலேஜுக்குப் பேசினார். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கீழே இருந்த காவலாளிகள் இரண்டு பேர் யூனிஃபார்மோடு வந்து ரத்தம் கொடுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து "நல்லா இருக்கார்" என்று சொன்ன பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார். அப்போதும் "நான்தான் சொன்னேனே" என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. அவர்தான் எதுவும் சொல்லியிருக்கவில்லையே.

செம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய காலனியில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோனபோது அவர் அங்கே இருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, குரோம்பேட்டையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ஒரே மகள், கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். கீழே அவரும் அவர் மனைவியும். மாடியில் வாடகைக்கு ஆள். தெருவிலேயே உயரமான மனிதர் அவர்தான். எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசினால் சன்ஷேடில் தலை இடித்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

காலனியில் அவரைக் கஞ்சன் என்பார்கள். வார்த்தையில் கஞ்சன். யாராவது பெண்ணுக்கு வரன் அமைந்திருக்கிறது, பையன் எப்படி என்று விசாரிக்கச் சொன்னால், நாள் முழுக்க அலைந்து விசாரித்துவிட்டு வந்து, "பாத்த வரைக்கும் தப்பா ஒண்ணும் தெரியல. மேல சொல்ல என்னால முடியாது" என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். "சரியாயிடும்" என்று மட்டும் சொல்ல மாட்டார். அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சலித்துக்கொண்டார். "என் பிரசவத்தப்பகூட, பயமா இருக்குதுங்கன்னு சொன்னேன். பயமாத்தான் இருக்கும்னார். வேற யாரு கட்டிக்கிட்டு குப்பை கொட்டுவா இந்த ஆளோட?"

பெருவெள்ளம் வந்த வருஷம் இந்தக் குணத்தால் அவருக்கு நிறையக் கெட்ட பேர். மழை விடாமல் பெய்து ஏரி தளும்பி நின்றபோது, எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி, அவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், ஒரு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "யாரும் பதட்டப்பட வேண்டாம், அதிகாரிகளிடம் பேசியாச்சு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹவில்தார் சார் குடையில்லாமல் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சார் நிலைமை என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"தெரியாது. கீழ் வீட்டுக்காரங்க எல்லாம் மாடிக்குப் போயிடுங்க."

"தண்ணி வருமா, வராதா சார்? அத சொல்லுங்க."

"அதான் தெரியாதுங்கறேன். தெரியாதப்ப மேல இருக்கறது நல்லது."

பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டு மூட்டை முடிச்சோடு மாடிகளுக்குப் போனார்கள். அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. மறுநாள் காலையில் எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டே கீழே இறங்கி வந்தார்கள். அன்று மத்தியானம் வந்தது. இடுப்பளவு. அவர் மட்டும் முந்தின நாள் சொன்னதையே சொல்லிக்கொண்டு, வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு போய் மாடிகளில் விட்டார். செக்ரட்டரியின் மாமனாரையும் அவர்தான் முதுகில் சுமந்தார். வெள்ளம் வடிந்த பிறகு நடந்த கூட்டத்தில் செக்ரட்டரி அவருக்குச் சால்வை போட்டார். அதை வாங்கி மடித்து நாற்காலி மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அவர் ராணுவத்தில் இருந்த காலத்தில் இலங்கைக்குப் போன படையில் போயிருந்தார் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியுமே தவிர, அவராக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்கள் பேசுவார்கள். செக்ரட்டரிக்கு அது பெருமை. "நம்ம காலனியிலேயே ஒரு வார் வெட்டரன் இருக்கார்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்கு அது தீராத ஆத்திரம். அவர் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத ஆள்.

"இன்னா சார் நீங்க," என்று ஒருநாள் என் கண்ணெதிரிலேயே கேட்டார். நான் ஆதார் நகல் எடுக்க நின்றிருந்தேன். "தமிழனா பொறந்துட்டு, துப்பாக்கி தூக்கினு நம்ம ஜனங்க மேலயே போயி நின்னுட்டு வந்தீங்களே. உங்களுக்குத் தூக்கம் வருதா சார்?"

"சில நாள் வரும்" என்றார் ஹவில்தார் சார். சில்லறையை எடுத்துக்கொண்டு போனார்.

செக்ரட்டரி புகழும்போதும் அவர் முகம் அப்படியேதான் இருக்கும். இரண்டு பேருமே வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.

எதற்காகப் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவரை நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஹவில்தார் சார்தான் தினமும் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். நானும் பின்னாலேயே போவேன். நாட்டுப்பற்று என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம்.

"ஒரு கட்டிலுக்காகத்தான் சார்" என்றார்.

"கட்டிலா?"

"எங்க வீட்டுல ஒரே கூடம். அண்ணன், அண்ணி, தம்பிங்க, தங்கச்சிங்க, எல்லாரும் அதுலதான். நான் பாதி நாள் மாட்டுக்கொட்டாயில படுப்பேன். ட்ரெயினிங் சென்டர்ல கொண்டுபோய் ஒரு இரும்புக் கட்டிலக் காமிச்சு, இது உன்னுதுன்னாங்க. மத்தவங்க சாப்பிடப் போன நேரத்துல நான் மட்டும் அதுல படுத்துப் பாத்தேன். காலை நீட்டுனா யார் மேலயும் படல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "அப்புறம் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவன் எங்க போறானோ அங்க நாமளும் போறது. அவ்வளவுதான் சார். நாடு கீடெல்லாம் அப்புறமாத்தான் வந்துச்சு."

தேர்தல் அன்று மட்டும் அவர் வேறு ஆள். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு. பூத் திறப்பதற்கு முன்பே பள்ளிக்கூட வாசலில் நிற்பார். மறுபடி வந்து, நடக்க முடியாதவர்களை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவார். யாருக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது சார் என்று நான் அலுத்துக்கொண்டபோது, "எங்கள எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்றவங்க அங்கதானம்மா போய் உக்கார்றாங்க" என்றார்.

வெள்ளம் வந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து அவர் மாடி வீடு காலியானது. பார்க்க வந்தவர்கள் இலங்கைக்காரர்கள். ஒரு அம்மா, அவருடைய மகள், மருமகன், பள்ளிக்கூடம் போகிற ஒரு பேத்தி. மகள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், மருமகன் ஏசி மெக்கானிக். அந்த அம்மா இளவயதில் படகில் வந்து, வெகுகாலம் முகாமில் இருந்துவிட்டு, மகள் வேலைக்குப் போன பிறகு வெளியே வந்தவர். சேலையூரிலிருந்து பீர்க்கன்கரணை வரைக்கும் வீடு தேடியிருக்கிறார்கள். பேச்சைக் கேட்டதுமே, "சிலோன்காரங்களா? போலீஸ் அது இதுன்னு வருவாங்க, வேண்டாம்" என்று எல்லோரும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். அந்த அம்மா வாசலில் நின்று, "தண்ணி எப்பிடி? உப்புத் தண்ணியோ?" என்று கேட்டார். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த ஹவில்தார் சார் அந்தக் குரலைக் கேட்டு அப்படியே நின்றார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்தார். முடியாது என்று சொல்லத்தான் போகிறார் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அவர் மாடிச் சாவியோடு வந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்ய வேண்டும் என்றார் மருமகன். அங்கே தொந்தரவு ஏதும் இருக்குமோ என்று தயங்கிக் கேட்டார்.

"தெரியாது தம்பி. நான் கூட வரேன்" என்றார் ஹவில்தார் சார். போகவும் போனார்.

ஆனால் அவர்களோடு அவர் ஒட்டவே இல்லை. மாடிக்கு ஏறவே மாட்டார். குழாய் ரிப்பேர் என்றால் மனைவியைத்தான் அனுப்புவார். அந்த அம்மா, நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், மாடிப்படியில் இறங்கி வரும்போது இவர் உள்ளே போய்விடுவார். "ஐயா நல்ல மனுசன். ஆனா முகம் குடுக்கிறாரில்லை" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் எங்கே போய் வந்தவர் என்று நான் சொல்லவில்லை. அதை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். தெருவில் வேறு யாரும்கூட சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் அந்தப் பேத்திக்குப் பாட நகல்களை இலவசமாக எடுத்துக் கொடுப்பார். அவரே வாயைத் திறக்கவில்லை.

ஒரு குடியரசு தினத்தன்று அது வெளியே வந்தது. காலனி மைதானத்தில் கொடியேற்றம். செக்ரட்டரி ஹவில்தார் சாரை எப்படியோ பேசி அழைத்து வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். குழந்தைகள் பாட்டுப் பாட வரிசையில் நின்றார்கள். மாடி வீட்டுப் பேத்தியும் அதில் ஒருத்தி. அக்கா கூட்டத்தின் முன்னால் வந்து, பேத்தியைப் பார்க்க வசதியாக நின்றிருந்தார். செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார்.

"இலங்கையில் அமைதி காக்கச் சென்ற நம் படையில் வீரத்தோடு பணியாற்றிய..." என்று ஆரம்பித்தார்.

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்கு நினைவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஹவில்தார் சார் கயிற்றை இழுத்தார். பூ உதிர்ந்தது. பேத்தி பாடி முடிக்கும்வரை அக்கா நின்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மிட்டாய் வாங்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அக்கா கீழே இறங்கவில்லை. ஹவில்தார் சார் டியூட்டிக்குப் போன பிறகுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும் என்றார் அவர் மனைவி. மருமகன் என் கணவரிடம் வந்து, இந்தப் பக்கத்தில் வேறு வீடு ஏதும் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்கும்போதே அவருக்குக் களைப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டுப் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். ஹவில்தார் சார் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். திறந்திருந்த வாசலில் அக்கா வந்து நின்றார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை.

"ஐயா, நீங்கள் அங்க எந்தப் பக்கம் நிண்டனீங்கள்?"

அவர் ஷூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார். வருஷத்தையும் சொன்னார்.

"அதுக்குப் பக்கத்து ஊர்தான் எங்கட" என்றார் அக்கா.

அக்கா வாசலில் நின்றபடியே தொடர்ந்தார். சத்தம் போடவில்லை. கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஒருநாள் விடியக்காலமை ஆமி வந்தது. முன்னுக்கு நிண்டவர் தமிழ் கதைச்சவர். இந்தியத் தமிழ். அதாலதான் அம்மா கதவைத் திறந்தவா. என்ர தம்பியை விசாரிக்க வேணும் எண்டு கூப்பிட்டவை. அம்மா குழறத் தொடங்கிட்டா. அந்தத் தமிழ் கதைச்சவர் அம்மாட கையைப் பிடிச்சு, 'ஒண்ணும் ஆகாதும்மா, விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்' எண்டு சொன்னவர்."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அக்கா நம் ஊர் உச்சரிப்பில் சொன்னார். வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பேசின மாதிரியே இருந்தது.

"விட்டாங்களா?" என்று கேட்டார் ஹவில்தார் சார்.

"ஓம். அடுத்தநாள் பின்னேரம் விட்டவை. மேலில ஒரு கீறல் இல்லை. ஆனா அவன் அதுக்குப் பிறகு ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. ஒரு கிழமையில இயக்கத்துக்குப் போயிட்டான். பிறகு வரேல்லை." அக்கா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா சாகுமட்டும் சொல்லுவா, அந்தத் தமிழ்ப் பொடியன் சொன்ன சொல்லுத் தவறாம விட்டவன் எண்டு. கேக்கக் கேக்க எனக்கு விசர் பிடிக்கும்."

"அது நானா இருக்கலாம்மா" என்றார் அவர்.

அவர் மனைவி, "என்னங்க நீங்க பாட்டுக்கு" என்று குறுக்கே வந்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நிறைய வீட்டுல சொல்லியிருக்கேன். இதே வார்த்தைதான். அதுதான் எனக்குக் குடுத்த வேலை. எந்த வீடு, யார் கைன்னு எனக்கு ஞாபகம் இல்ல. சில பேர் திரும்பி வந்தாங்களான்னும் எனக்குத் தெரியாது, அதுக்குள்ள எங்கள வேற இடத்துக்கு மாத்திடுவாங்க. அதனால நான் இல்லன்னு என்னால சொல்ல முடியாது. நீங்க என்னைப் பாத்து சொல்லுங்க."

அவர் வெளிச்சத்துக்கு வந்து நின்றார். அக்கா வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் இல்லை" என்றார்.

"பாக்காமலே சொல்றீங்களேம்மா."

"பாத்திட்டன் ஐயா. அவர் கட்டையான ஆள். நீங்கள் இல்லை." பிறகு அவர் மனைவியிடம், "தண்ணி நிரம்பி வழியுது போல, மோட்டரை நிப்பாட்டிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஹவில்தார் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவை எடுத்தார். ஏற்கெனவே பாலிஷ் போட்டிருந்த ஷூவுக்கு மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தார். நான் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. அக்கா மறுபடியும் வழக்கம்போல இறங்கி வந்தார், போனார். இவரும் உள்ளே போய் மறைவதை விட்டுவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் நடைக்குப் போனபோது என் கணவர் வரவில்லை. நானும் அவரும் மட்டும். ஏரியில் பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை. கரையில் குப்பை எரிந்துகொண்டிருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்து, கேட்டுவிட்டேன்.

"உங்கள அனுப்பினாங்க, போனீங்க. இதுல உங்க தப்பு என்ன இருக்கு சார்?"

"அனுப்பலம்மா" என்றார். "அப்போ எங்க யூனிட்டு போகல. தமிழ் தெரிஞ்சவங்க வேணும், யார் வர்றீங்கன்னு வந்து கேட்டாங்க. நான் கையைத் தூக்கினேன்."

எரிகிற குப்பையைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

"ரேடியோவுல தினம் கேப்போம், அந்த ஜனங்க படற பாட்டை. எங்க ஆளுங்கள்ல நிறையப் பேருக்கு அது வேற ஊரு சங்கதி. எனக்கு அப்படி இல்ல. மொழி தெரியாதவன் வந்து கதவத் தட்டினா அந்தப் பொம்பளைங்க எவ்வளவு பயப்படுவாங்க? நம்ம பாஷை பேசற ஒருத்தன் முன்னால நின்னா பயம் கொறையும்னு நெனச்சேன். நல்லதுதான் நெனச்சேன். வேற எதுக்கும் போகல." ஒரு பிளாஸ்டிக் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "பயம் கொறஞ்சுது. என் குரலைக் கேட்டதும் கதவத் தொறந்தாங்க. வேற எவனாவது கூப்பிட்டிருந்தா, சில பேர் பின்பக்கமா ஓடிப் போயிருப்பாங்க."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அந்தச் சண்டைக்குப் போனது சரியா தப்பான்னு பேசறதுக்கு செக்ரட்டரி இருக்கார், ஜெராக்ஸ் கடைக்காரர் இருக்கார். நல்லாவே பேசறாங்க. என்னைக் கேட்டா, சரின்னு சொன்னாலும் பொய்யா இருக்கு, தப்புன்னு சொன்னாலும் பொய்யா இருக்கு. ஒரு வார்த்தையை மட்டும் நான் விட்டுட்டேன். அதுவே போதுமான்னு தெரியல."

"அக்காதான் நீங்க இல்லைன்னு சொல்லிட்டாங்களே சார்."

"சொன்னாங்க. நான் வாங்கிக்கிட்டேன்" என்றார். நம்பினேன் என்று சொல்லவில்லை.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. காலேஜ் வாசலில் டியூட்டியில் இருக்கும்போதே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. செக்ரட்டரி ஒரு தேசியக் கொடியை வாங்கிக்கொண்டு வந்து, அதை மேலே போர்த்தலாமா கூடாதா என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டு, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஜெராக்ஸ் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, யாரும் கூப்பிடாமலே பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார். சுடுகாடுவரை மாற்றிக்கொள்ளவில்லை. மாடி வீட்டு அக்கா அன்று காலையிலிருந்து அவர் மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், நானும் அக்காவும் மட்டும் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். இனி யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்ற தைரியத்தில் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு வந்தது இவர்தானா?"

அக்கா ஒரு போர்வையின் இரண்டு நுனிகளை என்னிடம் கொடுத்து, மற்ற இரண்டையும் தான் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். "நான் அண்டைக்கு அறைக்குள்ள ஒளிச்சிருந்தனான். குரல்தான் கேட்டது, மற்றதெல்லாம் அம்மா சொன்னது. முகத்தை நான் பாக்கவே இல்லை."

"பிறகு ஏன் கட்டையான ஆளுன்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தைச் சொல்லுறது? அவர் எண்டு சொன்னா, அதுக்குப் பிறகு இந்த வீட்டில நாங்கள் எப்பிடி இருக்கிறது? தெரியாது எண்டு சொன்னா அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கும். திரும்பவும் ஒவ்வொரு வீடா ஏறி இறங்க எனக்கு ஏலாது. மகளுக்கும் ஏலாது. எத்தினை வாசல் பாத்தாச்சு."

போர்வையை மடித்து முடித்தோம். அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் குரல் இவற்ற குரல்தான் எண்டு சில நாள் நினைப்பன்" என்றார். "சில நாள் இல்லை எண்டு நினைப்பன்."

கீழேயிருந்து ஹவில்தார் சாரின் மனைவி, சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டார். அவர் போனதிலிருந்து கீழே தனியாகச் சமைப்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே உலைதான். அக்கா என்னையும் சாப்பிட வரச் சொன்னார். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.